ஆறாவது வேஃபர்

ஆறு வேஃபர்களில் ஐந்தைப் பாழாக்கிவிட்டிருந்தேன். மிச்சம் இருந்தது ஒன்று. அதை வைத்துத்தான் என் முனைவர் பட்ட ஆய்வை முடிக்க வேண்டும். அடுத்த வேஃபர்கள் வேறு ஊர் உலையில் தயாராகி வர எட்டு மாதமாகும். என் உதவித்தொகையோ ஆறு மாதத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு ஆம்பூரில் உட்கார்ந்து பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கலாம். டியூஷன் எடுப்பது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ஐந்து வருடம் உயிரைக் கொடுத்துவிட்டு அங்கே போய் உட்கார எனக்கு மனசு வரவில்லை.

வேஃபர் என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலிக்கான் தட்டு. அதன் மேல் சிலிக்கான் நைட்ரைடு என்ற கண்ணாடி போன்ற படலம் இருக்கும். அந்தப் படலத்தில் குட்டிக் குட்டி வளையங்கள் செதுக்குவதுதான் என் வேலை. ஒரு கடுகு உட்காருகிற இடத்தில் பத்து வளையங்கள் பிடிக்கும். வளையத்துக்குள் லேசர் ஒளியை விட்டால் அது ஆயிரக்கணக்கான தடவை சுற்றும். சுற்றச் சுற்ற உள்ளேயே சேர்ந்துகொண்டு போகும். சேர்ந்தது ஒரு அளவைத் தாண்டினால், படலமே ஒளியின் நிறத்தை மாற்ற ஆரம்பிக்கும். ஒரு நிறம் உள்ளே போகும், சரிசமமான இடைவெளியில் பல நிறங்கள் வெளியே வரும். திரையில் பார்த்தால் சீப்பின் பற்கள் வரிசையாக நிற்பது போல இருக்கும். அதற்குப் பெயரே சீப்புதான். எனக்கு அந்தச் சீப்பு வேண்டும். வளையத்தில் ஒரே ஒரு தூசு ஒட்டியிருந்தாலும் ஒளி அங்கே முட்டிக்கொண்டு வெளியே சிதறிப் போகும். அப்புறம் சீப்பும் இல்லை, பட்டமும் இல்லை.

அதனால்தான் இந்த வேலையை, காற்றை வடிகட்டித் தூசில்லாமல் வைத்திருக்கும் கிளீன் ரூமில் செய்வது. வேலூர்ப் பக்கம் எங்கள் கல்லூரியில் இருப்பது சின்னது. இரண்டு படுக்கையறைகளைச் சேர்த்துப் போட்ட அளவு. தலையிலிருந்து கால் வரை வெள்ளை சூட் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகலாம். நான் ஆம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். வைகாசியில் கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவள். மாமியார் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். வீட்டுக்காரருக்கு ராணிப்பேட்டையில் வேலை, பைக்கில் போய் வருவார்.

கல்யாணத்துக்கு முன்னால், பழகுவதற்கென்று வாங்கிய மலிவான வேஃபர்களில் நான் செய்த வளையங்கள் நன்றாகவே வந்தன. கல்யாணம் முடிந்து ஒரு வாரத்தில் திரும்பி வந்து நிஜ வேஃபர்களில் கை வைத்தேன். கிளீன் ரூமில் என் முறை வெள்ளிக்கிழமைதோறும். வேஃபரைச் சுழலும் மேடையில் வைத்து, ஒளி பட்ட இடம் கழுவினால் கரைந்துபோகிற ரெசிஸ்ட் என்ற திரவத்தை நடுவில் ஊற்ற வேண்டும். மேடை வேகமாகச் சுழன்று அதை மெல்லிசாகப் பரப்பும். ஊற்றும்போது வேஃபரின் மேல் நன்றாகக் குனிய வேண்டும். சாதாரண வெளிச்சம் பட்டால் ரெசிஸ்ட் கெட்டுப்போகும் என்பதால் அந்த அறையில் மஞ்சள் விளக்குகள் மட்டும்தான் எரியும். அங்கே சுவர், மேசை, கை எல்லாமே மஞ்சள்தான்.

அதன் பிறகு வேஃபர் வேறோர் ஊருக்குப் போய், அங்கே வளையங்கள் வரையப்பட்டு, செதுக்கப்பட்டு என் சோதனை மேசைக்குத் திரும்பி வர மூன்று வாரமாகும். முதல் வேஃபர் வருவதற்குள் அவசரக்குடுக்கையாக இன்னும் இரண்டுக்கு ரெசிஸ்ட் பூசி அனுப்பிவிட்டேன். முதலாவது வந்தது. லேசரை விட்டு அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தேன். சீராக மங்கி ஒளிர வேண்டிய வளையத்தில் அங்கங்கே பளிச் பளிச்சென்று புள்ளிகள். ஒளி தப்பியோடும் இடங்கள். அடுத்த இரண்டும் அப்படியே. நான்காவதை இன்னும் கவனமாகப் பூசினேன். அது இன்னும் மோசமாக வந்தது.

நான் யாரையும் விடவில்லை. தண்ணீர் சரியில்லை என்றேன். ரெசிஸ்ட் பாட்டில் பழசு என்றேன். கிளீன் ரூமைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அண்ணனிடம், தரையை ஒழுங்காகத் துடைக்கிறீர்களா என்று கேட்டே விட்டேன். பள்ளிகொண்டாவிலிருந்து வருகிற, அதிர்ந்து பேசாத மனிதர். "தொடைக்கிறேன் மேடம்" என்று மட்டும் சொன்னார். ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி இருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஐந்தாவது வேஃபரை வேண்டுமென்றே பலி கொடுத்தேன். ரெசிஸ்ட் பூசியதும் மஞ்சள் அறையிலிருந்து வெளியே கொண்டுவந்து வெள்ளை வெளிச்ச மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தேன். ரெசிஸ்ட்டில் வால் முளைத்த கீறல்கள். ஒவ்வொரு கீறலின் தலையிலும் மஞ்சளாக ஒரு துகள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது, அல்லது விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கல்லூரிக்குப் பின்னால் பைபாஸைத் தாண்டி ஒரு தோல் ஷாப்பு இருக்கிறது. தோல் பதனிடக் கடுக்காய்த் தூள் போடுவார்கள்; அது மஞ்சள். காற்று அடித்தால் வாசனை எங்கள் மாடி வரை வரும். வாசனை வந்தால் தூள் வராதா? எங்கள் பக்கத்தில் எது கெட்டாலும், தண்ணீரோ காற்றோ தலைமுடியோ, தோல் ஷாப்பின் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நானும் போட்டேன். படங்களோடு நிர்வாகத்துக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். காற்று வடிகட்டிகள் உழைத்து ஓய்ந்துவிட்டன, மாற்றாவிட்டால் இந்த அறையால் பயனில்லை என்று கோபத்தோடு எழுதியிருந்தேன். கல்லூரி வாழ்க்கையில் முதல் தடவையாக என் கடிதத்துக்குப் பத்தே நாளில் பதில் வந்தது. ஆடி பதினைந்து, சனிக்கிழமை முதல் அறை மூடப்படும். கூரையைப் பிரித்து எல்லா வடிகட்டிகளையும் மாற்றுவார்கள். மூன்று மாத வேலை.

அதையும் நான் வெற்றியாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆறாவது வேஃபரை வடிகட்டி மாற்றிய பிறகு பூசிக்கொள்ளலாம், இழுத்துப் பிடித்தால் காலக்கெடுவுக்குள் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

மூடுவதற்கு நான்கு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை. வடிகட்டி போடுகிறவர்களிடம் காட்ட நல்ல படம் வேண்டுமென்று ஐந்தாவது வேஃபரை மறுபடி எடுத்தேன். துகளைச் சுற்றி ரெசிஸ்ட் மூடியிருந்ததால் படம் கலங்கலாக வந்தது. அதைக் கழுவிப் பார்க்கலாமென்று ஒரு சொட்டு டெவலப்பர் விட்டேன். டெவலப்பர் என்பது காரத்தன்மை உள்ள ஒரு திரவம், சுண்ணாம்புத் தண்ணீரைப் போல. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் துகள் சிவந்தது. அடுத்ததும் சிவந்தது.

கடுக்காய்த் தூள் இப்படிச் சிவக்காது. எது இப்படிச் சிவக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்னை வீட்டு வாசலில் நிறுத்தி, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்துச் சிவப்பாக்கி, அந்தத் தட்டை என் முகத்துக்கு முன்னால் மூன்று சுற்று சுற்றியிருந்தார்கள். மைக்ராஸ்கோப்புக்குள் தெரிந்தது அந்த ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு.

கை தானாகக் கழுத்துக்குப் போனது. எங்கள் வழக்கத்தில் முதல் சில மாதங்களுக்குத் தாலி மஞ்சள் கயிற்றில்தான் இருக்கும். ஐந்தாம் மாதம்தான் பிரித்துத் தங்கச் செயினில் கோப்பார்கள். அதுவரை செவ்வாயும் வெள்ளியும் குளித்ததும் கயிற்றில் மஞ்சளைக் குழைத்துப் பூச வேண்டும். மாமியார் சொன்னதற்கும் ஒரு பிடி கூடவே நான் பூசிக்கொண்டிருந்தேன். புது மருமகள் இல்லையா. வெள்ளிக்கிழமை காலையில் அப்பிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை மத்தியானம் வேஃபரின் மேல் குனிந்திருக்கிறேன். கல்லூரியில் இருந்த சூட்டுகள் எல்லாம் ஆண்களுக்கு வாங்கியவை. என் கழுத்துக்கும் அந்தக் காலருக்கும் நடுவில் ஒரு கை நுழையும். காய்ந்த மஞ்சள் அந்த வழியாகக் கொட்டியிருக்கிறது. மஞ்சள் விளக்கில் எவருக்கு அது தெரியும்?

டெக்னீஷியன் அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் சிவப்பைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அண்ணா, உங்களுக்குத் தெரியுமா?"

"சூட்ட தொவைக்கப் போடும்போது பாப்பேன் மேடம். காலரு மஞ்சளா இருக்கும்."

"எப்பத்துல இருந்து?"

"மொதல்ல இருந்தே."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாண்ணா?"

"எப்படி மேடம் சொல்றது? புதுசா கல்யாணம் ஆயி வந்துக்கிறீங்க. உங்ககிட்ட வந்து தாலியப் பத்திப் பேசறதா? அதுவும் நான் சர்ச்சுக்குப் போறவன். தப்பா எடுத்துக்கினா இன்னா பண்றது?"

கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் சொல்லியிருந்தால் நான் எப்படி எடுத்துக்கொண்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். நிச்சயமாகத் தப்பாகத்தான் எடுத்திருப்பேன். தரை துடைத்ததைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடுங்க மேடம்" என்றார்.

அன்றைக்கே நிர்வாக அலுவலகத்துக்குப் போய் என் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அங்கிருந்தவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. "சாமான் எல்லாம் லாரி ஏறிடுச்சும்மா. நீதான அவ்ளோ கோவமா எழுதின?" என்றார். மூன்று மாதம் என்பது அரசாங்க மூன்று மாதம், ஐந்தாகவும் ஆகலாம் என்றும் சொன்னார். ஆக, வெள்ளிக்கிழமை ஒன்றுதான் பாக்கி. அன்று பூச வேண்டும், அல்லது பட்டத்தை மறந்துவிட வேண்டும்.

மறப்பதாக இல்லை. புதன்கிழமை கயிற்றை மூன்று தடவை சோப்புப் போட்டு அலசினேன். சூட் மாட்டிக்கொண்டு, மேடையில் ஒரு வெற்றுச் சிலிக்கான் துண்டை வைத்து, ஊற்றுவது போலக் குனிந்து நின்றுவிட்டு அந்தத் துண்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மஞ்சள் குறைந்திருந்தது, ஆனால் அலசியதில் கயிறு பிரிந்து நார் நாராக விழுந்திருந்தது. வியாழக்கிழமை கயிற்றின் மேல் பிளாஸ்திரி சுற்றினேன். சூட்டுக்குள் வேர்த்து பிளாஸ்திரி உரிந்தது. அதன் பசையும் சேர்ந்து விழுந்தது. வேறு யாரையாவது ஊற்றச் சொல்லலாம் என்றால், அந்த ரெசிஸ்ட்டை ஊற்றுகிற பக்குவம் எங்கள் அறையில் எனக்கு மட்டும்தான் பழகியிருந்தது. கடைசி வேஃபரில் இன்னொருவரைப் பழக்க முடியாது. கழற்றுவதைத் தவிர வழியில்லை.

வியாழன் சாயங்காலம் மாமியார் கம்பெனியிலிருந்து வந்து டீ டம்ளரோடு உட்கார்ந்ததும் சொன்னேன்.

"அத்த, நாளைக்கு லேப்ல ஒரு நாலு மணி நேரம் தாலியக் கழட்டி வெக்கணும்."

டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா சொன்ன?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். ஒட்டுப் பிசகினால் ஷூவைத் தூக்கி ஓரமாகப் போடுகிற கை அவருடையது. தூசு என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

"நாளைக்கு ஆடி வெள்ளி. தெரியுமா உனுக்கு?"

"தெரியும் அத்த."

"ஆடிக்கு உங்க அம்மா வந்து கூப்ட்டாங்க. உங்க ஆலங்காயத்துல இருந்து காலேஜுக்குக் காலையில பஸ்ஸு இல்லன்னு நீ போவல. சரின்னு வுட்டேன். இப்ப இது வேறயா? பதினெட்டாம் பெருக்குக்குக் கயிறு மாத்தும்போது கூட புதுசக் கட்டிட்டுத்தான் பழசக் கழட்டுவோம். கழுத்து சும்மா இருக்கக் கூடாதும்மா."

"சனிக்கெழம ரூம மூடிடறாங்க அத்த. நாளைக்கு வுட்டா அவ்ளோதான்."

வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சத்தத்தைக் கூட்டினார்.

"நான் வேணான்னுதான் சொல்வேன்" என்றார் மாமியார்.

"நான் கேட்டுக்கினு போக வரல அத்த. மறைச்சு செய்யக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு திமிரான பேச்சு என்று உறைத்தது. ஆனால் அதைத் திருப்பி வாங்க எனக்கு மனமில்லை. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை என் டப்பாவில் சாப்பாட்டைக் கட்டி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. படித்தவளுக்கு என்ன பயம் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அன்றைக்கு ராணிப்பேட்டை ரோட்டில் வீட்டுக்காரருக்கு ஒரு சிராய்ப்பு ஏற்பட்டாலும் ஆயுசு முழுக்கப் பழி என் மேல்தான். ஊர் சொல்வதை விடுங்கள், நானே சொல்லிக்கொள்வேன். லேப்புக்குப் போனதும் அவருக்குப் போன் போட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று அவர் சொன்ன பிறகுதான் கழற்றினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் செய்தேன்.

சூட் மாட்டும் அறையில் தலை வழியாகக் கயிற்றை எடுத்தேன். வைக்க இடம் தேடினேன். அலமாரியில் பிரிக்காத வேஃபர் டப்பா ஒன்று இருந்தது, வட்டமாக, மூடியோடு. அதில் வைத்து மூடினேன். டெக்னீஷியன் அண்ணன் முதலிலேயே வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். கழுத்தையும் மார்பையும் மூன்று தடவை துடைத்தேன். சூட் போட்டேன். வெற்றுத் துண்டை வைத்துக் குனிந்து பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் அது துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

பிறகு ஆறாவது வேஃபர்.  ஒரே சீராக ஊற்றினேன். மேடை சுழன்று நின்றது. மஞ்சள் விளக்கில் என்ன தெரியுமோ அது தெரிந்தது. பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, டப்பாவைத் திறந்து தாலியைப் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன்.

வீட்டில் மாமியார் என் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். பிறகு காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"கழட்டி எங்க வெச்ச?"

"வேஃபர் வெக்கிற டப்பாவுல அத்த."

"சுத்தமான டப்பாவா?"

"எங்க காலேஜ்லயே அதவிட சுத்தமானது கெடையாது."

"ம்" என்றார். பதினெட்டாம் பெருக்கு அன்று புதுக் கயிறு கட்டும்போது, நான் மஞ்சள் கிண்ணத்தில் கை வைத்ததும் கையைத் தட்டிவிட்டார். "கம்மியா பூசு. இன்னாத்துக்கு இவ்ளோ ஜாஸ்தி?"

வேஃபர் ஆவணியில் திரும்பி வந்தது. இத்தனை மாதமும் வெளிநாட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த என் ஆய்வு வழிகாட்டி சாரும் அன்று சோதனை மேசைக்கு வந்தார். முதல் வளையத்தில் லேசரை விட்டேன். கேமராவில் ஒரு புள்ளி கூட இல்லை. சக்தியை மெல்ல மெல்லக் கூட்டினேன். நான் உள்ளே அனுப்பியது கண்ணுக்கே தெரியாத ஒளி. சட்டென்று வளையம் பச்சையாக எரிந்தது. கேமரா இல்லாமல், வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒளி அந்த அளவுக்கு உள்ளே சேர்ந்து நிறம் மாற ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்துத் திரையில் ஒவ்வொரு பல்லாகச் சீப்பு முளைத்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், பாவம், வேறு எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஃபில்டர் மாத்தினது நல்லதாப் போச்சு" என்றார் கடைசியில், அந்த வேலை இன்னும் முடியவில்லை என்று தெரியாமல்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "இது ஃபில்டர் மாத்தறதுக்கு முன்னாடி பூசினது சார்" என்று சொல்லி, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.  பிறகு அவர் என்னைக் கூட்டிப் போய், சூட் மாட்டும் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் பட்டியலைக் காட்டினார். பவுடர் கூடாது, பூ கூடாது, மை கூடாது, சென்ட் கூடாது என்று போகும் அது.

"இதுல ஒரு வரி சேத்துடலாம்மா. கயிறு இருந்தா கழட்டி வெச்சுட்டு வரணும்னு."

"வேணாம் சார்."

"ஏன்? நீயே கழட்டினியே."

"நான் வீட்ல சண்ட போட்டு, பயந்து பயந்து கழட்டினேன் சார். அது நானா எடுத்த முடிவு. அதக் கதவுல எழுதி ஒட்டினா, அடுத்து வர்ற பொண்ணு அந்தக் கதவோட திரும்பிப் போய்டுவா. அவ வீட்ல வுட மாட்டாங்க. தப்பு கயித்துல இல்ல, காலர்ல இருக்குது. கழுத்து மூடற மாதிரி, எங்க அளவுக்கு சூட்டு வாங்குங்க."

 சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையில் இருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதத் தயாரானார்.

"சரி. என்ன சைஸ்?"

"ஸ்மால் சார். நாலு போடுங்க."

அந்த அறைக்குள் போகிற பெண் அப்போது நான் ஒருத்திதான். அவர் எதுவும் கேட்காமல் நாலு என்று எழுதினார்.